விமானம் புறப்படும் முன் எத்தனை அனுமதிகள்? விமானிக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நடப்பது என்ன?

2025 ஜூன் 12-ஆம் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கிய பிறகு ‘ஏடிசி’ (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு), ‘மேடே’ (உயிராபத்தை அறிவிக்கும் அழைப்பு), ‘கிளியரன்ஸ்’ (அனுமதி) போன்ற சொற்கள் தமிழ்ச் செய்திகளில் அன்றாடம் புழங்கத் தொடங்கின. கூடவே குழப்பங்களும் வந்தன. விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அனுமதி கொடுத்துத்தானே விமானம் கிளம்பியது, அப்படியானால் அதற்கும் பொறுப்பு உண்டா? ஆபத்து என்று தெரிந்தும் விமானி ஏன் விவரமாக எதையும் சொல்லவில்லை? சென்னை மீனம்பாக்கத்தில் கதவை மூடிய பிறகும் நகராமல் நிற்கும் விமானத்தில், “ஏடிசி அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்” என்று அறிவிக்கிறார்களே, அது எந்த அனுமதி?

‘அனுமதி’ என்பது ஒரே ஒரு தடவை கொடுக்கப்படுவது என்ற எண்ணம்தான் இந்தக் கேள்விகள் பலவற்றுக்கும் அடியில் இருக்கிறது. நடைமுறை அப்படி இல்லை. புறப்பாட்டுக்கு அடுத்தடுத்துப் பல அனுமதிகள் தேவை. ஒன்றைப் பெற்றதால் அடுத்ததைப் பெற்றதாக ஆகாது. கட்டுப்பாட்டாளர் சொன்ன மாத்திரத்தில் எந்த அனுமதியும் முழுமையாவதும் இல்லை. விமானி அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொன்னது சரிதானா என்று கட்டுப்பாட்டாளர் கவனித்துக் கேட்க வேண்டும். கடந்த அரை நூற்றாண்டின் பெரும் விபத்துகள் சிலவற்றை எடுத்துப் பார்த்தால், பேசியவர்களின் பிழையோடு சரியாகக் கேட்காமல் போனதும் சேர்ந்தே கொன்றிருக்கிறது.

பேசுவது யார், எதன் வழியாக?

கட்டுப்பாட்டாளர்கள் விமான நிறுவனங்களின் ஊழியர்கள் அல்லர். இந்தியாவில் இந்தப் பணியைச் செய்வது இந்திய விமான நிலையங்கள் ஆணையம். நாட்டின் வான்வெளி டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என நான்கு பெரும் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதனால் சென்னைக்கு இரண்டு வேலைகள். மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களையும் பார்க்க வேண்டும்; தென்னிந்தியாவுக்கும் வங்கக் கடலுக்கும் மேலே இங்கு இறங்காமலே கடந்து செல்பவற்றையும் பார்க்க வேண்டும்.

பேச்சு நடப்பது விஎச்எஃப் வானொலியில், ஏறத்தாழ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைகளில். தொலைபேசியிலிருந்து இது இரண்டு விதங்களில் மாறுபடுகிறது.

1. ஒரே அலைவரிசையில் இருக்கும் எல்லா விமானங்களுக்கும் எல்லாப் பேச்சும் கேட்கும். மதுரைக்குப் போகிற விமானத்துக்குக் கொடுத்த உத்தரவை, பின்னால் நிற்கும் சிங்கப்பூர் விமானமும் கேட்கிறது. இருவரும் தமிழர்களாகவே இருந்தாலும் பேச்சு ஆங்கிலத்தில் நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பன்னாட்டுச் சேவையில் இருப்போருக்குச் சர்வதேச அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலை ஆங்கிலத் திறன் கட்டாயம்.

2. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பொத்தானை அழுத்தினால் பேச்சு, விட்டால் கேட்பு. இருவர் ஒரே சமயத்தில் அழுத்திவிட்டால் இரண்டு பேச்சும் ஒன்றையொன்று அழித்து, மற்றவர்களின் காதில் கீச்சென்ற ஓசை மட்டும் விழும். டெனரீஃப் விபத்தில் இந்த ஓசைக்கு ஒரு கொடுமையான பங்கு உண்டு; அதைப் பிறகு பார்ப்போம்.

வானொலியில் விமானத்தின் பெயர் டிக்கெட்டில் இருப்பதுபோல் இருக்காது. டிக்கெட்டில் ‘6ஈ’ என்று தொடங்கும் இண்டிகோவின் அழைப்புப் பெயர் ‘ஐஃப்ளை’. பிரிட்டிஷ் ஏர்வேஸ் ‘ஸ்பீட்பேர்ட்’. கட்டுப்பாட்டாளர் முதலில் அழைப்புப் பெயரைச் சொல்லிவிட்டு உத்தரவைச் சொல்வார். விமானி உத்தரவைத் திருப்பிச் சொல்லிவிட்டு அழைப்புப் பெயரைக் கடைசியில் வைப்பார். ஒலிக்க ஒன்றுபோல இருக்கும் இரு பெயர்கள் ஒரே அலைவரிசையில் வந்துவிட்டால் ஒருவருக்கான உத்தரவை மற்றவர் எடுத்துக்கொள்ளும் அபாயம் இருப்பதால், இரு முனையிலும் பெயர் விடுபடக் கூடாது.

புறப்பாட்டின் படிகள்

முதலில் விமானி, பதிவு செய்யப்பட்ட வானிலை அறிவிப்பைக் கேட்கிறார். காற்றின் திசை, பார்வைத் தூரம், பயன்பாட்டிலுள்ள ஓடுபாதை, காற்றழுத்தம் ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு புதிய அறிவிப்புக்கும் ஆல்ஃபா, பிராவோ என்று ஓர் எழுத்து உண்டு. எந்த எழுத்துள்ளதைக் கேட்டேன் என்று விமானி சொன்னால் இருவரிடமும் ஒரே தகவல் இருப்பது உறுதியாகிறது. பிறகு வருபவை:

1. வழித்தட அனுமதி. எந்த ஊருக்கு, எந்தப் பாதையில் வெளியேறி, முதலில் எந்த உயரம் வரை ஏறலாம் என்பது இதில் அடங்கும். கூடவே நான்கு இலக்க எண் ஒன்றும் தரப்படும். அதை விமானத்தின் டிரான்ஸ்பாண்டரில் (ரேடாருக்கு அடையாளத்தை அனுப்பும் கருவியில்) பதித்தால் ரேடார் திரையில் அந்த விமானம் அடையாளத்தோடு தெரியும். ஒவ்வோர் இலக்கமும் 0 முதல் 7 வரை மட்டுமே என்பதால் மொத்தம் 4,096 எண்கள். அவற்றில் 7500 கடத்தலுக்கும், 7600 வானொலிப் பழுதுக்கும், 7700 அவசர நிலைக்கும் ஒதுக்கப்பட்டவை. இந்த அனுமதியை வைத்துக்கொண்டு விமானத்தை ஓர் அடிகூட நகர்த்த முடியாது.

2. பின்தள்ளவும் இன்ஜினை இயக்கவும் அனுமதி.

3. டாக்ஸி அனுமதி, அதாவது தரையில் ஊர்ந்து செல்ல அனுமதி. எந்தெந்தப் பாதை வழியாக, எதுவரை என்பதைத் தரைக் கட்டுப்பாட்டாளர் சொல்வார். அந்த ‘எதுவரை’ பெரும்பாலும் ஓடுபாதைக்கு முன்னே தரையில் வரைந்திருக்கும் நிறுத்தக் கோடு. அனுமதியின்றி அதைத் தாண்டுவது விமானத் துறையில் மிகக் கடுமையாகப் பார்க்கப்படும் பிழை.

4. ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி. இங்கிருந்து பொறுப்பு டவர் (கோபுர) கட்டுப்பாட்டாளரிடம்.

5. மேலெழும்ப அனுமதி.

6. ஏறிய பின் வரும் உத்தரவுகள். சக்கரங்கள் மேலேறிய சற்று நேரத்திலேயே விமானம், நிலையத்தைச் சுற்றியுள்ள வான்வெளியைப் பார்க்கும் அப்ரோச் கட்டுப்பாட்டாளரின் அலைவரிசைக்கு மாறுகிறது. அவர் ரேடாரில் அடையாளம் கண்டு, படிப்படியாக உயரங்களை அளித்து, தொலைதூர வான்வழிகளைப் பார்க்கும் பரப்புக் கட்டுப்பாட்டு மையத்திடம் ஒப்படைக்கிறார்.

நான்காவதும் ஐந்தாவதும் எப்படி ஒலிக்கும் என்பதைக் கற்பனையான ஒரு விமானத்தை வைத்துக் காட்டலாம்.

டவர்: “ஐஃப்ளை த்ரீ செவன் ஃபோர், ரன்வே டூ ஃபைவ், லைன் அப் அண்ட் வெயிட்.”
விமானி: “ரன்வே டூ ஃபைவ், லைனிங் அப் அண்ட் வெயிட், ஐஃப்ளை த்ரீ செவன் ஃபோர்.”

‘லைன் அப் அண்ட் வெயிட்’ என்றால் ஓடுபாதைக்குள் வந்து நின்று காத்திரு என்று பொருள். விமானம் ஓடுபாதையின் நடுக்கோட்டில் வந்து நின்றுவிட்டது. முன்னே தடையில்லாத பாதை. ஆனாலும் ஓடக் கூடாது. பிறகு:

டவர்: “ஐஃப்ளை த்ரீ செவன் ஃபோர், வின்ட் டூ ஃபோர் ஸீரோ டிகிரீஸ், எய்ட் நாட்ஸ், ரன்வே டூ ஃபைவ், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்.”
விமானி: “ரன்வே டூ ஃபைவ், கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப், ஐஃப்ளை த்ரீ செவன் ஃபோர்.”

‘டூ ஃபைவ்’ என்பது ஓடுபாதை நோக்கும் திசை. காந்த ஊசிப்படி ஏறத்தாழ 250 பாகை என்பதன் கடைசிச் சுழியை விட்டுவிட்டு 25 என்கிறார்கள். அதே ஓடுபாதையை எதிர்முனையிலிருந்து பார்த்தால் 07. விமானம் காற்றை எதிர்கொண்டு எழும்ப வேண்டும் என்பதால், மேற்கிலிருந்து காற்று வீசினால் 25-உம் கடற்காற்று அடித்தால் 07-உம் பயன்படும். சென்னையில் 12/30 என்ற இரண்டாம் ஓடுபாதையும் இருக்கிறது. அது முதன்மை ஓடுபாதையைக் குறுக்கே வெட்டிச் செல்கிறது. வெட்டும் ஓடுபாதைகள் உள்ள நிலையத்தில் ஓடுபாதை எண்ணைச் சொல்லாமல் கொடுக்கும் அனுமதிக்கு எந்த மதிப்பும் இல்லை. மேலுள்ள ஒவ்வொரு வரியிலும் ‘டூ ஃபைவ்’ வருவது அதனால்தான்.

திருப்பிச் சொல்வதும் அதைக் கேட்பதும்

எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. வழித்தட அனுமதி, ஓடுபாதையில் நுழைய, கடக்க, எழும்ப, இறங்க, வெளியே நிற்கக் கொடுத்த உத்தரவுகள், ஓடுபாதை எண், காற்றழுத்த அளவு, டிரான்ஸ்பாண்டர் எண், உயரம், திசை, வேகம் ஆகியவை கட்டாயம். இவற்றுக்கு ‘ரோஜர்’ என்று பதில் சொன்னால் போதாது. நீங்கள் கடைசியாகச் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது என்பது மட்டுமே ‘ரோஜர்’. புரிந்தது, அப்படியே செய்கிறேன் என்பதற்கு ‘வில்கோ’. ஆம் என்பதற்கு ‘அஃபர்ம்’. முடியாது என்பதற்கு ‘அனேபிள்’. ‘ஸ்டேண்ட்பை’ என்றால் காத்திரு என்று மட்டும் பொருள்; அதை அரைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

எண்களையும் ஒலி குழம்பாதபடி மாற்றி வைத்திருக்கிறார்கள். மூன்று ‘ட்ரீ’, ஐந்து ‘ஃபைஃப்’, ஒன்பது ‘நைனர்’. விமானிகள் எல்லோரும் அன்றாடம் இதை அப்படியே கடைப்பிடிப்பதில்லை. மேலே காட்டிய உரையாடலிலும் நடைமுறை உச்சரிப்பையே கொடுத்திருக்கிறேன். ஆனால் எண் எங்கே தடுமாறினாலும் விளைவு என்ன ஆகும் என்பதற்குக் கோலாலம்பூர் ஓர் எடுத்துக்காட்டு. 1989 பிப்ரவரி 19 அன்று, இறங்க வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்குமாறு சொல்ல நினைத்த கட்டுப்பாட்டாளர் “டிசெண்ட் டூ ஃபோர் ஸீரோ ஸீரோ” என்றார். அந்த ‘டூ’ ஆங்கிலத்தில் இரண்டாகவும் இருக்கலாம், ‘அந்த உயரத்துக்கு’ என்ற இணைப்புச் சொல்லாகவும் இருக்கலாம். விமானி “ஓகே, ஃபோர் ஸீரோ ஸீரோ” என்று பதில் சொன்னார். அதாவது 400 அடி. அந்தப் பதிலில் பிழை வெளிப்படையாக இருந்தது, யாரும் திருத்தவில்லை. விமானம் குன்றில் மோதி, உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். 2,400 என்பதை ‘டூ தௌசண்ட் ஃபோர் ஹண்ட்ரட்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் குழப்பத்துக்கே வாய்ப்பில்லை.

டெனரீஃப், 1977

அனுமதிகளை ஏன் இவ்வளவு கறாராகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பதற்கு விடை, 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் நடந்த விபத்தில் இருக்கிறது. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் டெனரீஃபின் சிறிய நிலையத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. இணைப்புப் பாதைகள் நிரம்பிவிட்டதால், விமானங்கள் ஓடுபாதையிலேயே ஊர்ந்து மறுமுனைக்குப் போக வேண்டியிருந்தது. மூடுபனி வேறு. டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் போயிங் 747 ஓடுபாதையின் முனையில் தயாராக நின்றது. அமெரிக்காவின் பான் ஆம் 747 அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று தெரியவில்லை; கோபுரத்துக்கு இரண்டுமே தெரியவில்லை; தரை ரேடாரும் இல்லை.

நடந்தவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

1. எழும்பத் தயார், வழித்தட அனுமதிக்காகக் காத்திருக்கிறோம் என்று கேஎல்எம் துணை விமானி சொன்னார்.

2. கட்டுப்பாட்டாளர் வழித்தட அனுமதியை மட்டும் கொடுத்தார். ‘டேக்-ஆஃபுக்குப் பிறகு வலப்புறம் திரும்பவும்’ என்ற சொற்கள் அதில் இருந்தன.

3. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லி முடிப்பதற்குள் தலைமை விமானி பிரேக்கை விடுவித்துவிட்டார். துணை விமானி “வி ஆர் நவ் அட் டேக்-ஆஃப்” என்று முடித்தார். எழும்பும் இடத்தில் நிற்கிறார்கள் என்று கோபுரம் புரிந்துகொண்டது.

4. கட்டுப்பாட்டாளர் “ஓகே” என்றார். ஒரு சிறு இடைவெளி. பிறகு, டேக்-ஆஃபுக்குக் காத்திருங்கள், நானே அழைக்கிறேன் என்றார். அதே நேரத்தில் பான் ஆம் விமானி, நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம் என்று குரல் கொடுத்தார். இரண்டும் மோதின. கேஎல்எம் விமானிகளுக்குத் தெளிவாகக் கேட்டது அந்த “ஓகே” மட்டும், பின்னே கீச்சொலி.

5. பான் ஆம் இன்னும் வெளியேறவில்லையோ என்று கேஎல்எம் விமானப் பொறியாளர் சந்தேகம் எழுப்பினார். வெளியேறிவிட்டது என்று தலைமை விமானி உறுதியாகச் சொன்னார்.

583 பேர் இறந்தனர். விமான வரலாற்றில் இதைவிட அதிகமானோர் இறந்த விபத்து இல்லை.

இதில் யாருமே விதியை மீற வேண்டும் என்று நினைத்துச் செயல்படவில்லை என்பதுதான் மனத்தை உலுக்குகிறது. வழித்தட அனுமதியும் எழும்பும் அனுமதியும் ஒரே மூச்சில் கலந்து ஒலித்தன, அவ்வளவுதான். அதன் பிறகு ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை எழும்ப அனுமதிக்கும்போதும் அந்த அனுமதியை ரத்து செய்யும்போதும் மட்டுமே பயன்படுத்துவது என்று நடைமுறை மாறியது. மற்ற எல்லா இடத்திலும் ‘டிபார்ச்சர்’. தலைமை விமானியிடம் இளையவர் தயங்காமல் மறுத்துப் பேசப் பயிற்சி கொடுக்கும் முறை உலகெங்கும் பரவியதற்கும் இந்த விபத்து ஒரு பெரிய காரணம்.

விதிகள் வந்தபின் சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், கடலோரக் காவல்படை விமானத்துக்கு ‘நம்பர் ஒன்’ என்று வரிசை எண்ணைச் சொல்லி, நிறுத்தக் கோடு வரை வரச் சொன்னார்கள். விமானி சரியாகத் திருப்பியும் சொன்னார். ஆனால் நுழைய அனுமதி கிடைத்துவிட்டது என்று எண்ணி ஓடுபாதைக்குள் போய்விட்டார். இறங்கி வந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் மோதியது. அதிலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர்; காவல்படையினர் ஐவர் இறந்தனர். வாய் சரியாகச் சொல்லியும் மனம் வேறொன்றைக் கேட்கும் என்பதைத் திருப்பிச் சொல்லும் முறையால் முழுவதும் தடுக்க முடியாது. நிறுத்தக் கோட்டில் சிவப்பு விளக்குத் தடுப்பு, தரை ரேடார் எச்சரிக்கை என்று கூடுதல் காப்புகள் அதனால்தான் தேவைப்படுகின்றன.

சென்னைக்கு டெனரீஃப் அளவுக்கு மூடுபனி வழக்கமில்லை. ஆனால் மார்கழிக் கடைசியில், போகி அன்று அதிகாலை எரிக்கும் பழைய பொருள்களின் புகையும் பனியும் சேரும்போது கோபுரத்திலிருந்து ஓடுபாதை தெரியாமல் போகும். 2018 போகியன்று விமானச் சேவைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. கண்ணால் பார்த்துச் சரிபார்க்க முடியாத அந்த நேரத்தில் கட்டுப்பாட்டாளர் விமானங்களுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடுகிறார். பயணிகளுக்கு அது தாமதமாகத் தெரிகிறது.

மேலே போன பிறகு

புறப்பாட்டின் ஆபத்து தரையோடு முடிவதில்லை. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து எழும்பிய சவூதி விமானத்தை 14,000 அடியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். எதிரே இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி. ஆயிரம் அடி இடைவெளி; எதிரே விமானம் வருகிறது என்ற எச்சரிக்கையும் கொடுக்கப்பட்டது. கஜகஸ்தான் விமானம் 15,000-க்குக் கீழே இறங்கியது. ஹரியாணாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதி 349 பேர் இறந்தனர். கஜகஸ்தான் விமானிகளின் ஆங்கிலத் திறன் போதாமை விசாரணையில் பேசப்பட்டது. அதன் பிறகு இந்தியாவில் மோதல் தவிர்ப்புக் கருவியான டீகாஸ் கட்டாயமாக்கப்பட்டது.

அந்தக் கருவி ‘ஏறு’ அல்லது ‘இறங்கு’ என்று கட்டளையிட்டால் விமானி அதையே பின்பற்ற வேண்டும், கட்டுப்பாட்டாளர் எதிர்மாறாகச் சொன்னாலும்கூட. ‘டீகாஸ் ஆர்ஏ’ (கருவி கட்டளையிட்டிருக்கிறது) என்று விமானி அறிவித்ததும் கட்டுப்பாட்டாளர் அந்த விமானத்துக்கு உத்தரவிடுவதை நிறுத்திவிட வேண்டும்.

அகமதாபாத்: ஏன் அவ்வளவு குறைவான சொற்கள்?

முதற்கட்ட விசாரணை அறிக்கையின்படி, எழும்ப அனுமதி கிடைத்தது பிற்பகல் 1:37:33. நான்கு நொடிகளில் ஓட்டம் தொடங்கியது. தரையை விட்டு எழும்பியது 1:38:39. மூன்று முறை ‘மேடே’ என்ற அழைப்பு வந்தது ஏறத்தாழ 1:39:05. கட்டுப்பாட்டாளர் அழைப்புப் பெயரைக் கேட்டார், பதில் வரவில்லை.

எழும்பியதிலிருந்து அழைப்பு வரை 26 நொடிகள். விமானிகளுக்குக் கற்பிக்கப்படும் வரிசை இது: முதலில் விமானத்தைக் கட்டுக்குள் வை, அடுத்து திசையைப் பார், கடைசியாகப் பேசு. இன்ஜின்கள் இழந்த உந்துசக்தியைக் கோபுரத்தால் அந்த நேரத்தில் தர முடியாது. தீயணைப்பு, மீட்பு ஏற்பாடுகளைத்தான் தொடங்க முடியும். அதற்கு ‘மேடே’ என்ற சொல்லே போதும். விவரம் சொல்லவில்லை என்று இறந்துபோன விமானிகளைக் குறை சொல்வது அறியாமை மட்டுமல்ல, அநியாயமும்கூட.

பொறுப்பு பற்றிய கேள்விக்கும் இங்கேயே விடை உண்டு. ‘கிளியர்ட் ஃபார் டேக்-ஆஃப்’ என்பது ஓடுபாதையும் முன்னுள்ள வான்வெளியும் மற்ற விமானங்களிலிருந்து விடுபட்டிருக்கின்றன என்ற உறுதி. விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்பதைக் கோபுரம் சோதிப்பதில்லை, சோதிக்கவும் இயலாது. அனுமதி கிடைத்த பிறகும் எழும்ப மறுக்கும் உரிமை தலைமை விமானிக்கு உண்டு. ‘அனேபிள்’ என்ற ஒரு சொல் போதும்.

அப்படியானால் அந்தக் காத்திருப்பு?

மீனம்பாக்கத்தில் ‘ஏடிசி அனுமதி’ என்று சொல்லப்படும் தாமதத்துக்குப் பின்னால் இவற்றுள் ஏதாவது இருக்கும்:

1. போய்ச் சேரும் ஊரில் நெரிசல். அங்கே வானில் வட்டமடிக்க வைப்பதைவிட இங்கே தரையில் நிறுத்துவது மேல் என்று புறப்படும் நேரத்தைக் கணித்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

2. முன்னே பெரிய விமானம் போயிருக்கிறது. அதன் இறக்கை நுனிகளிலிருந்து சுழன்று கிளம்பும் காற்று சிறிய விமானத்தைப் புரட்டிவிடக்கூடியது. அது அடங்க வழக்கமாக இரண்டு நிமிடம் விட வேண்டும்.

3. இறங்கும் விமானங்கள் வரிசையாக வருகின்றன. பொதுவாக அவற்றுக்கே முன்னுரிமை.

4. வான்வெளிக் கட்டுப்பாடு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும்போது குறிப்பிட்ட பகுதிகள் மூடப்படும். தாம்பரம் விமானப்படைத் தளமும் அரக்கோணம் கடற்படைத் தளமும் அருகிலேயே இருக்கின்றன.

வழித்தட அனுமதியைக் குரலுக்குப் பதிலாக எழுத்துச் செய்தியாக விமானியறைத் திரைக்கே அனுப்பும் வசதி பல பெரிய நிலையங்களில் வந்துவிட்டது. வங்கக் கடலுக்கு மேலே விஎச்எஃப் எட்டாத தொலைவிலும் எழுத்துச் செய்தி பயன்படுகிறது. எண்களில் தடுமாற்றம் இதனால் குறையும், நல்லதுதான். ஆனால் எழுத்துச் செய்தியை அனுப்பப்பட்டவர் மட்டுமே படிக்க முடியும். டெனரீஃபில் ஆபத்தை உணர்ந்து பான் ஆம் விமானி குரல் கொடுத்தது, கேஎல்எம்மின் பேச்சு அவர் காதிலும் விழுந்ததால்தான். ஓடுபாதைக்குள் நுழையவும் எழும்பவும் கொடுக்கும் அனுமதி இன்றும் குரலில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அதே ஓடுபாதையை நோக்கி இறங்கிவரும் விமானியும், நிறுத்தக் கோட்டில் நிற்கும் விமானியும் அதைக் கேட்டாக வேண்டும். தவறு என்று தெரிந்தால் பொத்தானை அழுத்திச் சொல்லியாக வேண்டும்.